முந்நூறு பன்னும் ஒரு தாய்மாமனும்

சங்கரன்கோவில்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் நாத்தனார் மாடத்தி எழுதுகிறேன். இங்கே நான், என் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டி, மகள் அம்மு மூவரும் சுகம். அங்கே அண்ணனும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

தபால் ஆபீசில் இன்லண்ட் லெட்டர் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தூசி தட்டி எடுத்து வந்தாள். "வீட்டுல போன் இல்லையாக்கா?" என்றாள். "இருக்கு. அதுல பேசினா எனக்கும் எங்க மதினிக்கும் சண்டை வந்துருது" என்றேன். போன மாதம் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒருத்தி சொன்னது இன்னொருத்தி காதில் விழாமல் கோபித்துக்கொண்டு போனை வைத்தோமே, அன்றைக்கு நீங்கள்தானே சொன்னீர்கள், இனி எதுவானாலும் கடிதம் எழுது என்று. சரி, எழுதிவிட்டேன். அண்ணன்தான் போனுக்கே வருவதில்லை. எப்போது கூப்பிட்டாலும் குளிக்கிறான் என்கிறீர்கள். கொச்சியில் அவ்வளவு தண்ணீரா மதினி.

விஷயத்துக்கு வருகிறேன். அம்முவுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை ஆனந்தகுமார், புளியங்குடிக்காரர், எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறார். தை இருபது, பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணை அவள் அறையிலிருந்து தாய்மாமன் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து மணவறையில் உட்கார வைக்க வேண்டும். வழியில் கால் தரையில் படக் கூடாது. என்னைத் தூக்கிய மாமா மூன்று நாள் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஆனால் அண்ணனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம். கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் இரண்டு அரிசி மூட்டையை ஒன்றாகத் தூக்குகிறவன் என்று இங்கே இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அம்மு பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலேயே "இவளக் கல்யாணத்தன்னைக்கு நான்தான் தூக்கிட்டு வருவேன், ஒரு பயலும் கிட்ட வரக் கூடாது" என்று சொன்னவன் அவன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் அவன் வரவில்லை. மனத்தாங்கல் ஏதாவது இருந்தால் அது கிடக்கட்டும், கல்யாணத்துக்கு வந்தாக வேண்டும். வருகிறான் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

தபால்காரர் வரும் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும்,
மாடத்தி


மட்டாஞ்சேரி
21 செப்டம்பர் 2024

அன்புள்ள மாடத்திக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், மழைதான் இன்னும் விட்டபாடில்லை. உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் கோமதி அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நான் இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். உன் அண்ணனைக் கட்டிய பிறகு மளிகைச் சீட்டு எழுதித்தான் எனக்குத் தமிழ் எழுத்து பழகியது.

அம்மு கல்யாணச் சேதி படித்துவிட்டு அன்றைக்கே பாயசம் வைத்தேன். புளியங்குடி எலுமிச்சைக்காரர் என்றால் ஊறுகாய்க்குப் பஞ்சமில்லை.

இங்கேயும் ஒரு சேதி உண்டு. நான் துப்புரவு வேலை பார்க்கும் ஹோம்ஸ்டேயில் வந்து தங்குகிறவர்கள் சாப்பாட்டுக்கு சூப்போடு சின்னச் சின்ன பன் கேட்கிறார்களாம். அதற்கு டின்னர் ரோல் என்று பெயர். முதலாளி மஞ்சுஷா சேச்சி என்னைக் கூப்பிட்டு, "கற்பகம், நீ வீட்டில உண்டாக்கிக் கொண்டு வா. நல்லா வந்தா இனி தொடைக்கிற பணி வேண்டா, அடுக்களைக்கு வந்தா போதும்" என்றார். உபயோகிக்காமல் கிடந்த பழைய ஓவன் ஒன்றையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

சுலபமான வேலைதான். மைதா மூன்று கப், ஈஸ்ட் இரண்டு ஸ்பூன், சர்க்கரை, உப்பு, வெதுவெதுப்பான பால், கொஞ்சம் வெண்ணெய். பிசைந்து மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்று சேச்சி எழுதிக் கொடுத்திருந்தார். இட்லி மாவையே இன்று அரைத்து நாளை ஊற்றுகிறவள் நான். ஒரு மணி நேரத்தில் எதுதான் பொங்கும் என்று நினைத்து, காலையில் பிசைந்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால், மாவு பாத்திரத்தைத் தாண்டி, மேடையைத் தாண்டி, மிக்ஸி ஒயர் வரைக்கும் வந்து நிற்கிறது. வீடெல்லாம் கள்ளு வாசனை. எதிர்வீட்டு சரோஜம்மா எட்டிப் பார்த்து, "சுடலைமுத்து சேட்டன் குடி தொடங்கியோ?" என்று கேட்டாளே பார்க்கலாம்.

அடுத்த தடவை சரியாக ஒரு மணி நேரம். பஞ்சு மாதிரி வந்தது.

உன் அண்ணனுக்கு வேலை கூடுதல். கல்யாணச் சேதியைச் சொன்னேன். சந்தோஷம் என்றார்.

அன்பு மாறாத,
கற்பகம்


சங்கரன்கோவில்
5 அக்டோபர் 2024

அன்புள்ள மதினிக்கு,

கடிதம் கிடைத்தது, மாவு மிக்ஸி ஒயர் வரை வந்த இடத்தை இவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே அண்ணன் உடம்பு எப்படி? உங்கள் உடம்பு எப்படி?

மதினிக்கு வருவது எனக்கு வராதா என்று நானும் பன் சுட்டேன். ஓவனுக்கு எங்கே போவது. பழைய குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, உள்ளே தட்டு வைத்தேன். பாலை நன்றாகக் கொதிக்க வைத்து ஈஸ்டைப் போட்டேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். போட்டது போட்டபடி கிடந்தது. இருந்தாலும் விடுவேனா, சுட்டுவிட்டேன். இவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது கால் கிலோ கல்லா, அரை கிலோ கல்லா?" என்றார். இப்போது அது பின்கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஏன் பொங்கவில்லை என்று கேட்டு எழுதுங்கள்.

கல்யாண வேலை நடக்கிறது. பெரிய மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தேரடிப் பக்கம் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருக்கிறோம். நல்ல காற்றோட்டம். பெண் அறைக் கதவைத் திறந்தால் நாலே எட்டில் மணவறை. இவருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், பெரிய மண்டபத்தில் ஏசி உண்டாம். தை மாதத்தில் என்னத்துக்கு ஏசி என்று அடக்கிவிட்டேன்.

அண்ணன் சந்தோஷம் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வருகிறேன் என்று சொன்னதாக எழுதவில்லையே.

என்றும் உங்கள்,
மாடத்தி


மட்டாஞ்சேரி
16 அக்டோபர் 2024
(இந்தக் கடிதம் அன்றைக்குத் தபாலில் சேர்க்கப்படவில்லை.)

மாடத்தி,

இதை அனுப்புவேனா என்று எனக்கே தெரியாது. எழுதிவிட்டால் பாரம் குறையும் என்று எழுதுகிறேன்.

உன் அண்ணன் மூட்டை தூக்குவதில்லை. ஜூன் மாதம், நல்ல மழையில், லாரியிலிருந்து பலகை வழியாக அரிசி மூட்டையோடு இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. மூட்டை முதுகில் விழுந்தது. முதுகுத் தண்டில் வட்டு, டிஸ்க் என்கிறார்களே அது, நகர்ந்துவிட்டதாம். நிற்கலாம், நடக்கலாம், ஆனால் இனி ஆயுசுக்கும் பளு தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் குளிக்கிறார் என்று உன்னிடம் நான் சொன்ன நாளெல்லாம் அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தார். போன் வேண்டாம், கடிதம் எழுது என்று நான் சொன்னதும் சண்டைக்குப் பயந்து இல்லை. என் குரலிலேயே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான்.

அன்றைக்கு மாவு பொங்கி மிக்ஸி வரை வந்தது என்று சிரிக்கச் சிரிக்க எழுதினேனே, அது வழிவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே அவர் கட்டிலில் கிடந்திருக்கிறார். எழுந்து ஒரு தட்டை எடுத்து மூடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் நான் போட்ட சத்தம் அடுத்த ஊர் தோப்பும்படி வரைக்கும் கேட்டிருக்கும். மாவும் கையுமாக நான் கத்துவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. எழுந்து வந்து, "என்னட்டி இது, மாவைத் தடவிக் குடுத்துக்கிட்டிருக்க. தள்ளு" என்று என்னை ஒதுக்கிவிட்டுப் பிசைய ஆரம்பித்தார். அன்றையிலிருந்து ரோல் சுடுவது நான் இல்லை, அவர்தான். மூட்டைத் தொழிலாளர் சங்கத்தின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சுடுகிறார். மாவு பட்டு அது வெள்ளைச் சட்டையாகிவிட்டது. மஞ்சுஷா சேச்சிக்குக்கூட இது தெரியாது.

உன் முதல் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அம்முவைத் தூக்குகிற இடம் வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதார். "தூக்க முடியாத மாமனுக்கு அந்தச் சபையில என்ன வேலை. ஊர்ல நாலு பேரு பாவம்னு சொல்லக் கேக்கணுமா நான்? நீ யாருகிட்டயாவது மூச்சு விட்டேன்னா பாரு" என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார்.

சத்தியம் பண்ணினது பேசக் கூடாது என்றுதான். எழுதக் கூடாது என்று இல்லை. இருந்தாலும் கை வரவில்லை மாடத்தி.


மட்டாஞ்சேரி
16 அக்டோபர் 2024

அன்புள்ள மாடத்திக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் பன் பின்கதவுக்கு உதவுவதைப் படித்துச் சிரித்தேன்.

கொதிக்கிற பாலில் ஈஸ்ட் செத்துப்போகும். குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர்ச் சூடு இருந்தால் போதும். அப்புறம், குறைந்தது பதினைந்து நிமிடம் பிசைய வேண்டும். விரலால் தள்ளக் கூடாது, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தள்ளி மடிக்க வேண்டும். ஒரு துண்டைக் கிள்ளி இரண்டு கையாலும் இழுத்துப் பார், கிழியாமல் சவ்வு மாதிரி விரிந்து வெளிச்சம் தெரிந்தால் மாவு பதம். உருண்டைகளைத் தட்டில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் வைத்து, இன்னும் அரை மணி நேரம் விடு. அவையே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுட்டு எடுத்த கையோடு மேலே வெண்ணெய் தடவு.

சேச்சிக்குப் பெரிய ஆச்சரியம். நான் உருட்டுகிற உருண்டை எல்லாம் ஒரே எடை. தராசு வைத்துப் பார்த்தார். நாற்பத்திரண்டு கிராம், நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று. கையிலேயே எடை தெரிகிறது. அடுக்களை வேலை எனக்கு உறுதியாகிவிட்டது.

அண்ணன் வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
கற்பகம்


சங்கரன்கோவில்
29 அக்டோபர் 2024

அன்புள்ள மதினிக்கு,

நாளை மறுநாள் தீபாவளி. நீங்களும் அண்ணனும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். முறுக்கு பார்சல் தனியாக வருகிறது.

பன் இந்தத் தடவை பொங்கியது. நடுவில் கொஞ்சம் வேகவில்லை, ஆனால் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற தரத்தில் இல்லை. இவர் மூன்று சாப்பிட்டார்.

நாற்பத்திரண்டு கிராம் கதையைப் படித்தேன். மதினி, நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டில் தோசை சுட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்று இலங்கை மாதிரி இருந்தது, ஒன்று இந்தியா மாதிரி இருந்தது. நீங்கள் பிடிக்கிற கொழுக்கட்டையில் ஒன்று பல்லில் ஒட்டும், இன்னொன்று வயிற்றை நிறைக்கும். அந்தக் கைக்கு இப்போது தராசு முள் முளைத்திருக்கிறது என்றால் சந்தோஷம்தான். அந்தக் கைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அம்முவுக்கு ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டேன். கோதுமைக் கஞ்சிதான். "கல்யாணப் பொண்ணப் போட்டுப் பட்டினி போடுதியே" என்று அழுகிறாள். பட்டுச்சேலை பாங்காக நிற்க வேண்டாமா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றீர்கள். பத்திரிகை அடிப்பதற்குள் சொன்னால் நல்லது.

பிரியமுள்ள,
மாடத்தி


மட்டாஞ்சேரி
10 டிசம்பர் 2024

அன்புள்ள மாடத்திக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் எழுதாததற்குக் கோபப்படாதே. உங்கள் மூவருக்கும் சுகம்தானே? முறுக்கு உடையாமல் வந்தது. சரோஜம்மாவுக்கும் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸ் சீசன். பக்கத்து இரண்டு ஹோம்ஸ்டேயிலும் ரோல் கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு நூற்றிருபது போகிறது. வீட்டில் எங்கே கை வைத்தாலும் மைதா.

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். உன் அண்ணனால் கல்யாணத்துக்கு வர முடியாது. அந்தச் சமயம் பஜாரில் லோடு கூடுதல், லீவு கிடைக்காது என்கிறார். நான் மட்டும் முதல் நாளே வந்துவிடுகிறேன். மாமன் ஸ்தானத்துக்குப் பங்காளிகளில் யாரையாவது நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

என்னை மன்னித்துவிடு. வேறு எழுதத் தெரியவில்லை.

கற்பகம்


சங்கரன்கோவில்
20 டிசம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பத்திரிகை தனிக் கவரில் வருகிறது. தாய்மாமன் சுடலைமுத்து என்று போட்டிருக்கிறது பாருங்கள். அடித்தது அடித்ததுதான், மாற்ற முடியாது.

இன்னொரு காரியம். கல்யாணத்தன்று காலை டிபனுக்குத் தேங்காய்ப்பால் சொதி வைக்கிறோம். ஆப்பத்துக்குப் பதிலாக உங்கள் பன் வேண்டும். முந்நூறு. பாதிக் காசு வேண்டுமானால் முன்பணமாக அனுப்புகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. உருட்டின கை எதுவோ அந்தக் கைதான் கொண்டுவந்து இலையில் வைக்க வேண்டும். வேறு கை வைத்தால் எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டோம்.

இதை அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

மாடத்தி


(16 அக்டோபர் தேதியிட்ட, அனுப்பப்படாத கடிதத்தின் பின்பக்கத்தில்)

மட்டாஞ்சேரி
3 ஜனவரி 2025

தங்கச்சி மாடத்திக்கு அண்ணன் எழுதுவது.

சங்கிலிப்பாண்டி மாப்பிள்ளையும் அம்முவும் நலமா? முதலில் முன்பக்கம் உன் மதினி எழுதியிருப்பதைப் படி. படித்தாயிற்றா? அதில் இருப்பது எல்லாம் உண்மை. நான் அழுததாக எழுதியிருக்கிறாளே, அது மட்டும் கூட்டிச் சொன்னது. எனக்கு ஜலதோஷம்.

இதை எழுதி மைதா டப்பாவின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். இந்த வீட்டில் மைதா டப்பாவைத் திறக்கிறவன் நான்தான் என்பதை மறந்துவிட்டாள். எழுதின நாலாம் நாளே என் கையில் கிடைத்துவிட்டது. அன்றையிலிருந்து சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். அந்தக் கறை வெண்ணெய். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. தபாலில் போட்டிருக்க வேண்டியது. தபால் பெட்டி வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன்.

முந்நூறு பன்னுக்கு மாவு பிசைய என்னால் முடியும். அம்முவைத் தூக்க முடியாது. மூட்டை தூக்குகிறபோதெல்லாம், இதைவிட அவள் லேசாகத்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்காகத்தான் உடம்பை வைத்திருந்தேன் என்று வைத்துக்கொள். போய்விட்டது.

தாய்மாமனாக வர எனக்கு முகம் இல்லை. பன்னுக்காரனாக வரட்டுமா? சமையல்கட்டுப் பக்கமே இருந்து பரிமாறிவிட்டுப் போய்விடுகிறேன்.

சுடலைமுத்து


சங்கரன்கோவில்
11 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உன் ஜலதோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. கடிதத்தைப் படித்ததிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு எல்லாம் தெரியும் அண்ணா. மட்டாஞ்சேரிக்கு வத்தல் லோடு கொண்டுவருகிற நம்மூர் டிரைவர் பாண்டித்துரை செப்டம்பர் கடைசியிலேயே வந்து உன் முதுகைப் பற்றிச் சொல்லிவிட்டார். பன் உருட்டுவது யார் கை என்பதை அந்த நாற்பத்திரண்டு கிராமே சொல்லிவிட்டது. முதல் கடிதத்தில் அம்முவைத் தூக்க உன்னை வரச்சொல்லி வாய் கிழிய எழுதினேன். அதற்கப்புறம் ஒரு கடிதத்திலாவது அந்தச் சொல் இருக்கிறதா, மதினியை எடுத்துப் பார்க்கச் சொல். பெரிய மண்டபத்தை விட்டது காற்றோட்டத்துக்காகவா? அங்கே பெண் அறையிலிருந்து மணவறைக்கு முப்பது எட்டு. இங்கே நாலு. நாலு எட்டுக்கு உன் முதுகு தாங்கும் என்று ஒரு நப்பாசை. அம்முவுக்குச் சோற்றை நிறுத்தியதும் அதற்குத்தான். நீயாக வாய் திறந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, நேரில் வா, வைத்துக்கொள்கிறேன்.

நான் பன்னுக்காரனுக்குப் பத்திரிகை அடிக்கவில்லை. அண்ணனுக்குத்தான் அடித்திருக்கிறேன். அண்ணன் வரட்டும். கையில் பன் இருந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். மீதியை அம்மு எழுதுகிறாள்.

மாடத்தி

மாமா, நான் அம்மு. அத்தையும் நீங்களும் சுகமா? மூன்று மாதமாகக் கஞ்சி குடித்து நாலு கிலோ குறைந்திருக்கிறேன். எதற்கு என்று அம்மா இன்றைக்குத்தான் சொன்னாள். முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சோறு தின்றிருப்பேன். எனக்குக் கால் இருக்கிறது மாமா, நான் நடந்து வருகிறேன். கையை மட்டும் பிடித்துக் கூட்டிப் போங்கள். நீங்கள் வராவிட்டால் நான் அறையை விட்டு வெளியே வர மாட்டேன். ஆனந்தகுமார் முகூர்த்தம் தவறி எலுமிச்சை மண்டிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.


மட்டாஞ்சேரி
18 ஜனவரி 2025

அன்புள்ள மாடத்திக்கு,

இங்கே சுகம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. நேற்று உன் கடிதம் வந்ததிலிருந்து அவமானமாக இருக்கிறது. நான் ஒளித்து வைத்த கடிதம் அவருக்குத் தெரியும், உனக்கு அவர் முதுகு தெரியும், எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. நாலு மாதமாக நான் ஒருத்தி உட்கார்ந்து கஷ்டப்பட்டுப் பொய் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் எனக்குப் பழக்கமில்லாத தமிழில். நீங்கள் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு.

மஞ்சுஷா சேச்சியிடமும் சொல்லிவிட்டேன். "அது எனக்கு முன்னமே தெரியும். நீ கொண்டு வரும்போ உன் கையில மாவு இல்ல, கூட வர்ற அவன் நகத்தில உண்டு" என்றார். ரோலுக்கு இனி உன் அண்ணனுக்குத் தனிச் சம்பளம். என் அடுக்களை வேலையும் போகவில்லை, மீன் குழம்பு வைக்கிறேன்.

ரயிலுக்குச் சீட்டு போட்டாயிற்று. ஒன்று அல்ல, இரண்டு.

கற்பகம்


சங்கரன்கோவில்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மதினிக்கும் அண்ணனுக்கும்,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேட்டுச் சந்தோஷம். இங்கே எங்கள் இருவருக்கும் சுகம்தான், வீடுதான் வெறிச்சென்று கிடக்கிறது. அம்மு புளியங்குடியில் சோறு நன்றாகச் சாப்பிடுகிறாளாம்.

தென்காசி ஸ்டேஷனில் நீங்கள் இறங்கியதைத்தான் இவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆறு அட்டைப்பெட்டி பன்னுக்கு அண்ணன் கூலி ஆள் வைத்ததும், "தோளுக்கு நேரா வைய்யி. கழுத்த வளைக்காத. எந்த ஊருல தொழில் படிச்ச?" என்று அந்த ஆள் பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்ததும், கடைசியில் அந்த ஆளே ஒரு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முறைத்ததும்.

மதினி, அண்ணன் அம்முவை அழைக்கப் போன நேரத்தில் நீங்கள் சமையல்கட்டில் மத்தியானத்துக்குப் பன் சூடாக்கிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் பார்க்கவில்லை. அண்ணனைக் கேட்டாலும் சொல்ல மாட்டான். அதனால் நான் எழுதுகிறேன்.

பெண் அறை வாசலில் அண்ணன் புது வேட்டியில் நின்றான். முகம் வேர்த்திருந்தது. முதல் வரிசையில் விசாலாக்ஷி பெரியம்மை. "என்ன சுடலை, பாத்துக்கிட்டே நிக்க. பிள்ளையத் தூக்குய்யா, நேரம் ஆகுதுல்லா" என்றாள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டான்.

"பெரியம்மை, எனக்கு முதுகுல வட்டு நகந்துபோச்சு. ஏழு மாசமா மூட்டை தூக்கல. இனியும் தூக்க முடியாது. கொச்சியில பன்னு சுட்டுக்கிட்டு இருக்கேன். பிள்ளையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாரேன்" என்றான். கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னான்.

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார்.

பெரியம்மை அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கென்ன, கால் எதுக்கு இருக்கு, நடந்து வரட்டும்" என்றாள். அப்புறம், "காலம்பறச் சொதிக்கு வச்சது நீ சுட்ட பன்னா? மத்தியானத்துக்கு எனக்கு ரெண்டு எடுத்து வையி" என்றாள். மண்டபமே சிரித்தது. அண்ணனும் சிரித்தான்.

நாலு எட்டுதான் மதினி. அம்மு கால் தரையில் பட்டது. ஒன்றும் ஆகிவிடவில்லை. அவளை உட்கார வைத்த பிறகும் அண்ணன் கையை விடவில்லை, ஐயர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விட்டான். அம்மு என்னிடம் அப்புறம் சொன்னாள், "மாமா கை முன்ன மாதிரி சொரசொரன்னு இல்லம்மா. பஞ்சா இருக்கு. வெண்ணெய் வாசனை அடிக்கு" என்று. அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. உட்கார்ந்து நன்றாக அழுதேன். கல்யாணப் பெண்ணின் அம்மா அழுதால் யாரும் காரணம் கேட்பதில்லை, அது ஒரு வசதி.

இன்லண்ட் லெட்டர் வாங்கியதில் இது கடைசி. இனி வாங்கப் போவதில்லை என்று தபால் ஆபீஸ் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். "சண்டை தீந்துட்டாக்கா?" என்றாள். இனிமேல்தான் ஆரம்பம் என்றேன். மறைக்க ஒன்றும் இல்லாதபோது எதற்கு மதினி கடிதம்.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் போடுகிறேன். நீங்கள் எடுக்காதீர்கள். அண்ணன் எடுக்கட்டும். அதற்குள் குளித்து முடித்திருக்கச் சொல்லுங்கள்.

மாடத்தி